ரெட் கிரவுஸ்: ஹெதர் செடியை நம்பி வாழும் பறவை

கேள்வியின் சுருக்கம் இது. வடக்கு இங்கிலாந்தின் நார்த் யார்க் மூர்ஸ் பகுதியில், பிளேக்கி ரிட்ஜ் பக்கம், மார்ச் மாதக் காலை ஒன்றில் ஒருவர் நடந்து போயிருக்கிறார். காலடியிலிருந்து ஒரு பழுப்புப் பறவை சடசடவென்று கிளம்பி, திட்டுவதுபோல் கத்திக்கொண்டே தாழப் பறந்து மறைந்தது. சற்றுத் தள்ளி அதே சாயலில் இன்னொன்று மண்மேட்டின்மேல் நின்றது. அதன் கண்ணுக்கு மேல் சிவப்புப் பட்டை இருந்தது. இவரைக் கண்டும் அது நகரவில்லை. இது கௌதாரியா, ஏன் அப்படிக் கத்தியது, பனிக்காலத்தில் வெள்ளையாக மாறுமா, வழியில் கண்ட கல்துகள் பெட்டிகள் எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

அது ரெட் கிரவுஸ். கேட்டவர் சொன்ன இடமும் மாதமும் கத்தலும் சேர்ந்தால் வேறு பறவைக்கு இடமே இல்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நிலங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத பறவை இது. வட ஐரோப்பாவிலிருந்து சைபீரியா, அலாஸ்கா, கனடா வரை பரவியிருக்கும் வில்லோ கிரவுஸின் துணையினம் என்றே நெடுங்காலம் வகைப்படுத்தி வந்தார்கள். தனி இனமாகவே கொள்ள வேண்டும் என்பாரும் உண்டு. பெயர்ப்பலகை எதுவானாலும், அந்தக் குடும்பத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் குணம் ஒன்று இருக்கிறது: இது பனிக்காலத்தில் வெள்ளையாவதில்லை. ஸ்காண்டிநேவியாவில் மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும். அங்கே வெள்ளைச் சிறகுதான் உயிர் காக்கும். கடல் சூழ்ந்த பிரிட்டனில் பனி விழும், சில நாளில் கரையும். கருஞ்சிவப்புப் புதர்களுக்கு நடுவே வெள்ளைப் பறவை நின்றால் பருந்துக்கு விருந்துதான்.

அடையாளத்துக்கு வருவோம். நீளம் 40 செ.மீ. அளவு, எடை 600 முதல் 700 கிராம். நம் ஊர்க் கௌதாரியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். உடல் உருண்டை, தலை சிறிது, அலகு குட்டை. சேவல் செம்பழுப்பு, கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு சிறகிலும் கறுப்புக் கோடுகள் நெளிநெளியாக ஓடும். பெட்டை கொஞ்சம் வெளிறி, மஞ்சள் கலந்து, பட்டைபட்டையாக இருக்கும். இரண்டுக்கும் கண்ணுக்கு மேல் சிவப்புத் தோல்மேடு உண்டு. பெட்டைக்கு அது மெல்லிய கீற்று, சேவலுக்கு இனப்பெருக்கக் காலத்தில் எழுந்து நிற்கும் சிறு கொண்டை. கால்களைப் பார்க்க வாய்த்தால் சந்தேகமே மிஞ்சாது: விரல் நுனிவரை வெண்மையான மென்சிறகு போர்த்தியிருக்கும். பனியில் புதையாமல் நடப்பதற்கும் குளிர் தாங்குவதற்கும் அந்தக் கால்.

ஆனால் பெரும்பாலும் இதையெல்லாம் பார்க்க அவகாசம் கிடைக்காது. நமக்குக் கிடைப்பது, ஓடிப்போகும் பறவையின் முதுகுதான். அப்போது கவனிக்க வேண்டியது இறக்கையை. வேகவேகமாகச் சில அடிப்பு, பிறகு இறக்கையைக் கீழ்நோக்கி வளைத்து விறைப்பாக வைத்துக்கொண்டு ஒரு நெடிய சறுக்கல், மறுபடி அடிப்பு. நிலத்தின் மேடு பள்ளத்தை ஒட்டியே போகும், உயர எழும்பாது. வால் கறுத்திருக்கும், இறக்கையின் மேற்புறமும் கறுப்பு. திரும்பும்போது அடிப்புறம் வெள்ளையாகப் பளிச்சிடும்.

எதனோடெல்லாம் குழப்பிக்கொள்ளலாம்? கௌதாரி வகையான கிரே பார்ட்ரிஜ் வயல்வெளிப் பறவை. முகம் ஆரஞ்சு நிறம், பறக்கும்போது வாலின் ஓரம் செம்மை. ஃபெசன்ட் என்ற வேட்டைப்பறவையின் பெட்டைக்கு வால் நீளம். டார்மிகன் என்ற உறவுப் பறவை ஸ்காட்லாந்தின் உயர்ந்த மலை உச்சிகளில் மட்டுமே. அதற்கு எல்லாப் பருவத்திலும் இறக்கை வெள்ளை. உண்மையில் தடுமாற வைப்பது பிளாக் கிரவுஸின் பெட்டை ஒன்றுதான். அது உருவில் பெரிது, சாம்பல் கலந்த பழுப்பு, இறக்கையில் மெல்லிய வெளிர்க் கோடு, வாலில் சிறு பிளவு. இங்கிலாந்தில் அது முக்கியமாக வடக்குப் பென்னைன்ஸ் மலைப் பக்கம்தான். ஜூன் மாதத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ரெட் கிரவுஸ் குஞ்சுகள் பொரித்துப் பன்னிரண்டு பதின்மூன்று நாளிலேயே சிறிது தூரம் பறக்கத் தொடங்கிவிடும். உடம்பு இன்னும் காடை அளவே இருக்கும். தாய்க்குப் பின்னால் காடைக் கூட்டம் பறந்ததாக எழுதி வைத்திருப்பவர்கள் பலர்.

இனி அந்தக் கத்தல். ஆங்கிலேயர் காதில் அது "கோ பேக், கோ பேக்" என்று, திரும்பிப் போ என்ற அதட்டலாக விழுகிறது. காலடியில் கிளம்பும்போது எழுவது அதன் அவசர வடிவம். முழு வடிவத்தைக் கேட்க வேண்டுமானால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, விடியும் வேளையில் போக வேண்டும். சேவல் ஒரு குரைப்போடு செங்குத்தாக மேலே எழும். ஒரு கணம் அந்தரத்தில் தயங்கும். பிறகு வாலை விரித்துக்கொண்டு கீழிறங்கும்போது தொண்டையிலிருந்து "ககககக" என்று ஓர் உருட்டல் வரும். மிதிப்பதை நிறுத்திய தையல் இயந்திரம் மெல்ல அடங்குவதுபோல் அந்த உருட்டல் இடைவெளி கூடிக்கூடித் தணியும். தரையில் கால் பட்டதும் கழுத்தை நீட்டி, "கோபேக்... கோபேக்... பேக்... பேக்" என்று முடிக்கும். இது நம்மைப் பார்த்துச் சொல்வதே இல்லை. பக்கத்து மேட்டில் நிற்கும் சேவலுக்கு, இது என் எல்லை என்று அறிவிப்பது.

எல்லைத் தகராறுதான் இந்தப் பறவையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பறவை நூல்களில் இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். பெரும்பாலான பறவைகள் வசந்தத்தில் இடம் பிடிக்கும். கிரவுஸ் சேவல்கள் இலையுதிர் காலத்திலேயே, செப்டம்பர் அக்டோபரில், சண்டையைத் தொடங்கிவிடுகின்றன. தொடக்கத்தில் சண்டை காலையில் மட்டும்: விடியலில் இரண்டு சேவல்கள் எல்லையின் இருபுறமும் இணையாக நடக்கும், தலையை ஆட்டிக்கொண்டு, கொண்டையை உயர்த்திக்கொண்டு, சில நேரம் கைகலப்பு. வெயில் ஏறியதும் பகையை மறந்து ஒரே கூட்டத்தில் மேயும். குளிர்காலம் கழியும்போது இந்தச் சமாதானம் சுருங்கிக்கொண்டே வந்து, இடம் பிடித்தவை நாள் முழுவதும் தம் எல்லையிலேயே நிற்கத் தொடங்கும். இடம் கிடைக்காதவை ஓரங்களுக்குத் தள்ளப்படும். அவற்றில் பெரும்பாலானவை அடுத்த வசந்தத்தைப் பார்ப்பதில்லை. நரி, பருந்து, பசி, ஏதோ ஒன்று முடித்துவிடும். மார்ச்சில் மண்மேட்டின்மேல் அசையாமல் நின்ற அந்தச் சேவல், ஆறு மாதப் போட்டியில் வென்ற ஒன்று. இடத்தை விட்டுக் கொடுக்க அதற்கு மனமில்லை.

கொண்டையின் அளவு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனோடு ஏறி இறங்கும். இலையுதிர் காலத்தில் சில மூத்த சேவல்களுக்கு அந்த ஹார்மோனைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. மூர்க்கம் கூடியது, அவை இளம் சேவல்களுக்கு இடம் தரவில்லை, அந்த நிலத்தின் பறவைத் தொகை குறைந்தது. சேவல்களின் குணம் மாறினாலே எண்ணிக்கை மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

சண்டை எதற்கு? ஒரு செடிக்கு. ஹெதர். ஆகஸ்டில் மலை முழுதும் ஊதாவாகப் பூத்துப் படமெடுக்கப்படுகிறதே, அதே புதர். வளர்ந்த கிரவுஸுக்கு ஆண்டின் பெரும்பகுதி உணவு அதன் நுனித்தளிர்தான்; குளிர்காலத்தில் ஏறக்குறைய வேறொன்றும் இல்லை. வசந்தத்தில் காட்டன் கிராஸ் என்னும் கோரையின் பூமொட்டு, கோடையில் பில்பெரி என்னும் குறும்புதர் என்று சிறிது மாற்றம். குஞ்சுகளுக்கு மட்டும் முதல் சில வாரங்கள் பூச்சி வேண்டும், முக்கியமாகக் கிரேன் ஃபிளை என்னும் நெடுங்கால் ஈக்கள். நார் மிகுந்த, சத்துக் குறைந்த அந்தத் தளிரைப் பெரும்பாலான பறவைகள் சீண்டுவதில்லை. கிரவுஸின் வயிற்றில் அதற்கென இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, விழுங்கிய கல்துகளை வைத்து உணவை அரைக்கும் தசைப்பை. மற்றொன்று, ஒரு முனை மூடிய, மிக நீண்ட இரட்டைக் குடல். அதில் நுண்ணுயிர்கள் அரைத்த கூழைப் புளிக்கவைத்துச் சத்தைப் பிரித்தெடுக்கின்றன.

இதனால் எச்சமும் இரண்டு வகை. காய்ந்த, நாராலான, சற்று வளைந்த உருளைகள் குவியலாகக் கிடந்தால் அங்கே இரவு தங்கியிருக்கிறது. கருமையாக, களிம்புபோல் கிடப்பது அந்த இரட்டைக் குடலிலிருந்து வந்தது. மே மாதத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெரிய ஒற்றை எச்சம் கண்ணில் பட்டால், அடைகாக்கும் பெட்டை அருகில் இருக்கிறது என்று பொருள். கூட்டை விட்டு நெடுநேரம் எழாமல் அடக்கி வைத்து ஒரேயடியாகக் கழிப்பது அது. ஆறு முதல் ஒன்பது முட்டைகள், மூன்று வாரத்துக்குச் சற்று மேலான அடைகாப்பு, அத்தனையும் பெட்டையே செய்யும். சேவல் அருகிலேயே காவல் நிற்கும். குஞ்சுகளை இருவரும் சேர்ந்து வளர்ப்பார்கள்.

கல்துகள் பெட்டிகளின் கதை இங்கேதான் வருகிறது. மூர் என்னும் இந்த ஹெதர் மேட்டுநிலத்தில் பல இடங்களில் பீட் என்னும் கருமண் ஆழமாக மூடியிருப்பதால் சிறுகல் எளிதில் கிடைக்காது. விடிகாலையில் சாலையோரம் கிரவுஸ் நிற்பதற்கு அதுவே காரணம்: பொடிக்கல் பொறுக்க வருகிறது. வேட்டைநிலக் காவலர்கள் முதலில் சும்மா கல் வைத்தார்கள். இப்போது அந்தக் கல்லின்மேல் குடற்புழு மருந்து பூசியிருக்கும். பெட்டியில் இரண்டு அறைகள் இருந்தால் ஒன்றில் மருந்துக் கல், மற்றதில் வெறுங்கல். சுடப்பட்ட பறவை சமையலறைக்குப் போவதால், வேட்டைக்கு 28 நாள் முன்பே மருந்துக் கல்லை மூடிவிட வேண்டும்.

அந்தப் புழுவின் பெயர் ட்ரைக்கோஸ்ட்ராங்கைலஸ் டெனுயிஸ். கிரவுஸின் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உச்சத்துக்கு ஏறி, பிறகு சடாரென்று சரியும். 19ஆம் நூற்றாண்டிலேயே இது நில உரிமையாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. 1905இல் லவட் பிரபு தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதற்காக மூர்களில் அலைந்து செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தவர் எட்வர்ட் வில்சன், பின்னர் கேப்டன் ஸ்காட்டுடன் தென் துருவம் சென்று 1912இல் திரும்பி வரும் வழியில் உயிர்விட்ட அதே மருத்துவர். குழுவின் அறிக்கை 1911இல் வந்தபோது அவர் அண்டார்டிகாவில் இருந்தார். குற்றவாளி இந்தப் புழுதான் என்று அறிக்கை சுட்டியது.

புழுவின் முட்டை எச்சத்தோடு விழும். அதிலிருந்து வரும் லார்வா ஈரத்தில் ஊர்ந்து ஹெதர் நுனிக்கு ஏறும். பறவை எந்தத் தளிரைக் கிள்ளுமோ அங்கேயே காத்திருக்கும். பறவை பெருகினால் எச்சம் பெருகும், புழு பெருகும். ஒரே பறவையின் குடலில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, பெட்டை இளைத்து, குஞ்சுகள் குறையும். 1998இல் பீட்டர் ஹட்சனும் சக ஆய்வாளர்களும், வடக்கு இங்கிலாந்தில் பறவைகளைப் பிடித்து மருந்து கொடுத்து, சரிவு வெகுவாக மட்டுப்படுவதைக் காட்டினார்கள். புழு கட்சி ஒரு புறம், சேவல்களின் சண்டையே காரணம் என்னும் ஸ்காட்லாந்துக் கட்சி மறுபுறம் என்று பல ஆண்டு வாதம் நடந்திருக்கிறது. என் கருத்து, இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன; ஈரமான மூரில் புழுவின் கை ஓங்கும், புழு குறைந்த இடங்களில் சண்டையின் பங்கு தெரியும். ஹட்சன் குழுவின் இன்னொரு சோதனை எனக்கு அதைவிடப் பிடித்தது: பயிற்சி பெற்ற நாய்களை விட்டுப் பார்த்தபோது, மருந்து கொடுத்த பெட்டைகளின் கூட்டை நாய்களால் எளிதில் மோப்பம் பிடிக்க முடியவில்லை. புழு கூடிய பெட்டைக்கு வாடை கூடுகிறது. நரிக்கு அது போதும்.

மருந்துப் பெட்டி இவ்வளவு செலவில் எதற்கு என்றால், விடை ஆகஸ்ட் 12. அன்று சுடும் பருவம் தொடங்கி டிசம்பர் 10இல் முடியும். இங்கிலாந்தில் இதை 1831ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. கொடி பிடித்த ஆட்கள் வரிசையாக நடந்து பறவைகளை எழுப்ப, கல்லால் கட்டிய மறைவிடங்களில் துப்பாக்கியோடு நிற்பவர்களின் தலைக்குமேல் அவை பாயும். நிலத்தை ஒட்டி விரையும் அந்தப் பறப்புத்தான் இதை இவ்வளவு விலை உயர்ந்த இலக்காக்கியது. 1915 ஆகஸ்ட் 12 அன்று, உலகப் போரின் நடுவே, லங்காஷயரின் லிட்டில்டேல், ஆபிஸ்டெட் மூர்களில் எட்டுப் பேர் ஒரே நாளில் 2,929 பறவைகளைச் சுட்டார்கள். கின்னஸ் சாதனைப் புத்தகம் பிறந்ததிலும் இதற்குப் பங்குண்டு: 1951இல் அயர்லாந்தில் ஒரு வேட்டையின்போது, ஐரோப்பாவில் வேகமான வேட்டைப்பறவை கிரவுஸா, பொன்னிற உப்புக்கொத்தியா என்று எழுந்த வாதத்துக்கு எந்த நூலிலும் விடை கிடைக்காததுதான் கின்னஸ் மது நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவருக்கு அந்த யோசனையைக் கொடுத்தது.

ஆகவே அந்த நிலத்தை வனாந்தரம் என்று நினைத்துப் பார்த்தால் எதுவும் புரியாது. மலைச்சரிவில் கண்ட கறுப்பு, பச்சை, பழுப்பு ஒட்டுப்போட்ட திட்டுகள் யாவும் காவலர்கள் முறைபோட்டு எரித்தவை. எரித்த இடத்தில் தளிர் உணவாகும், பக்கத்தில் உயர்ந்து நிற்கும் பழைய புதர் ஒளிவிடமாகும். ஒவ்வொரு சேவலின் எல்லைக்குள்ளும் இரண்டும் இருக்கும்படி திட்டுகளைக் குறுகலாக வைப்பதில் தொழில் நுட்பம் இருக்கிறது. இதே எரிப்புதான் பீட் மண்ணுக்கும் அதில் தேங்கிய கரிமத்துக்கும் கேடு என்ற வலுவான எதிர்ப்பும் உண்டு. 2021இல் இங்கிலாந்தில், காப்புப் பகுதிகளில் 40 செ.மீ.க்கு மேல் ஆழமான பீட் நிலத்தை உரிமம் இல்லாமல் எரிக்கத் தடை வந்தது.

இதைவிடக் கசப்பான விவகாரம் ஹென் ஹாரியர் என்னும் பூனைப்பருந்து. அது கிரவுஸ் குஞ்சுகளைத் தின்னும். ஸ்காட்லாந்தின் லாங்ஹோம் மூரில் 1992 முதல் அதற்கு முழுப் பாதுகாப்புத் தந்து பார்த்தார்கள். 1997க்குள் இரண்டு பெண் ஹாரியர்கள் இருபதாகின, கிரவுஸ் வேட்டை நின்றது. வருமானம் போய்க் காவலர்கள் விலகியதும் நரி பெருகி ஹாரியரும் குறைந்தது. இந்த இரண்டாம் பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்பவர்கள் வேட்டைத் தரப்பிலும் இருக்கிறார்கள், முதல் பாதியை மறைப்பவர்கள் மறுதரப்பிலும் இருக்கிறார்கள். ஆனால் சட்டத்தை மீறிய கொலையை நியாயப்படுத்த இது போதாது. செயற்கைக்கோள் கருவி பொருத்திய 58 ஹாரியர்களைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. அவற்றில் 72 விழுக்காடு சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவை, அல்லது அப்படியே இருக்கப் பெரிதும் வாய்ப்புள்ளவை. ஸ்காட்லாந்தில் 2024ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கிரவுஸ் சுடுவதற்கே உரிமம் வேண்டும்.

மறுபடி போய்ப் பார்க்க நினைத்தால் பிளேக்கி ரிட்ஜ் சாலையே நல்ல இடம். காற்று அடங்கிய விடியலில், காரை ஓரமாக நிறுத்தி, கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு உட்காருங்கள். காரைப் பொருட்படுத்தாத பறவை, அதிலிருந்து மனிதன் இறங்கியதும் பதுங்கிவிடும். முதலில் குரல் வந்த திசையில் உயர்ந்த மண்மேடுகளைத் துழாவுங்கள். சிவப்புக் கொண்டை அங்கேதான் தெரியும். மே, ஜூன் மாதங்களில் பாதையை விட்டு விலக வேண்டாம். ஒரு பெட்டை இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் புரண்டு முன்னால் ஓடினால், குஞ்சுகள் உங்கள் காலருகே அசையாமல் படுத்திருக்கின்றன. அடியெடுத்து வைக்கும் இடத்தைப் பார்த்து, வந்த வழியே திரும்புங்கள். நாய் கூட வந்தால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, பொதுமக்கள் தடையின்றி நடக்கலாம் என்று சட்டம் திறந்துவிட்ட இடங்களில் இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 12க்குப் பிறகு போனால் பாதையில் ஆட்கள் நின்று சற்றுப் பொறுக்கச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை போனால் அந்தத் தொல்லை இல்லை, இங்கிலாந்தில் அன்று சுடக்கூடாது.